குழந்தைத் துணி: துவைப்பது முதல் மடித்து வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

பிரசவத்துக்குத் தாய் வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பும்போது பல பெண்களுக்கு முதல் மனத்தாங்கல் துணி துவைப்பதில்தான் வருகிறது. அங்கே வெந்நீரில் அலசினார்கள், இங்கே டெட்டால் ஊற்றச் சொல்கிறார்கள். அங்கே மெஷின், இங்கே கல். ஒரு வீட்டில் பிள்ளைத் துணியைப் பெரியவர்கள் துணியோடு சேர்க்கவே கூடாது, இன்னொரு வீட்டில் எல்லாம் ஒரே வாளி. விளக்கு வைத்த பிறகு பிள்ளைத் துணி கொடியில் கிடந்தால் பாட்டி பதறிப்போவார்; மருமகளுக்கு அது மூடநம்பிக்கையாகத் தெரியும்.

இந்தப் பழக்கங்களில் பெரும்பாலானவை அந்தந்த வீட்டுத் தண்ணீரையும் வெயிலையும் இடத்தையும் வைத்து உருவானவை. எனவே யார் சொல்வது சரி என்று மல்லுக்கு நிற்பதைவிட, ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று பார்ப்பது பயன் தரும். துணியால் குழந்தைக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே காரணங்கள்: துணியில் தங்கிப்போன சோப்பு, முழுதாகக் காயாத ஈரம், நமக்குத் தெரியாமல் துணியோடு ஒட்டிவரும் வேறொன்று. இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்றவை வீட்டுக்கு வீடு எப்படியும் இருக்கலாம்.

முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

ஒரே சோப்பு அம்மா வீட்டில் நுரை பொங்கும், மாமியார் வீட்டில் திரிந்த பால் மாதிரி மிதக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுவதுதான் காரணம். அந்தப் பிசுக்கு துணி இழைகளுக்குள் தங்கிவிடும். நாலைந்து சலவையில் வெள்ளைத் துணி சாம்பல் பூத்துவிடும், காய்ந்ததும் அப்பளம்போல விறைக்கும், தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. பிள்ளையின் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் சிவந்து தடித்தால் பலரும் முதலில் சோப்பு பிராண்டை மாற்றுகிறார்கள். தண்ணீரைச் சோதித்துவிட்டு மாற்றுவது நல்லது.

சோதனை எளிது. ஒரு சுத்தமான பாட்டிலில் கால் பங்கு குழாய்த் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பை ஒரு சிட்டிகை சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை கெட்டியாக நின்று, அடியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். நுரை நிற்காமல், தண்ணீர் வெளுத்துச் செதில் செதிலாக மிதந்தால் உப்புத் தண்ணீர்.

உப்புத் தண்ணீர் வீடு என்றால் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். கட்டி சோப்புக்குப் பதிலாக லிக்விட் டிடர்ஜென்ட் பயன்படுத்துங்கள். அதில் பிசுக்கு படிவது மிகக் குறைவு. முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி போதும். அதுவும் முடியாதென்றால், வாரம் ஒருமுறை 15 லிட்டர் வாளிக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, அதில் துணிகளை 10 நிமிடம் போட்டுவிட்டு இன்னொரு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். படிந்த பிசுக்கு இளகிவிடும். ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ போட்ட தண்ணீரில் வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பிடித்துவைத்துத் துணிக்குப் பயன்படுத்துவது நிறைய வீடுகளில் உண்டு. சிக்கனம்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். கால்மிதிக்கும் மாப் துணிக்கும் போதும், பிள்ளைத் துணிக்கு வேண்டாம்.

புதுத் துணியும் பழைய வேட்டியும்

பிள்ளை பிறக்கும்வரை புதுத் துணி வாங்காமல் இருப்பதும், முதலில் பழைய வேட்டியைக் கிழித்துப் போடுவதும், நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளையின் சட்டையை வாங்கிப் போடுவதும் பழைய வழக்கம். துணி என்ற அளவில் பார்த்தால் இது மிக நல்ல வழக்கம். பலமுறை துவைத்த பருத்தித் துணியில் கஞ்சிப் பசையோ, மிச்சச் சாயமோ, சுருக்கம் விழாமலிருக்க ஆலையில் ஏற்றும் ரசாயனமோ இருக்காது. தொட்டாலே மிருதுவாக இருக்கும். புதுத் துணிதான் போடுவீர்கள் என்றால், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பின், கழுத்துப் பட்டி எல்லாம் நீக்கிவிட்டு இரண்டு முறை துவைத்த பிறகு போடுங்கள். திருப்பூர் பனியன் துணிகள் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது.

நாலு முழ வேட்டி ஒன்றில் 60 செ.மீ. சதுரமாக 6 துண்டு கிடைக்கும். ஒரு நாளைக்கு 15 துண்டுகூட ஈரமாகும் என்பதால் வெயில் காலத்தில் 25 முதல் 30, மழைக்காலத்தில் 40 துண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

துண்டு போட்டதும் ஓரம் அடித்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஓரம் அடிக்காத வேட்டித் துணி ஒவ்வொரு சலவையிலும் இழை இழையாகப் பிரியும். பிரிந்த ஓர் இழை பிள்ளையின் கால் விரலிலோ, ஆண் குழந்தையின் குறியிலோ சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்; விரல் வீங்கி நீலம் பாரிக்கும். காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டு அழும்போது விரல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கை உறை, காலுறை, தொப்பி எதுவானாலும் துவைத்துக் காய்ந்ததும் உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். தலைமுடி சிக்கியிருந்தாலும் இதே ஆபத்து உண்டு. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாய்க்கு முடி அதிகமாக உதிரும். அவர் துணியோடு சேர்த்துத் துவைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

லங்கோடு, மூத்திரத் துணி, ஆய்த் துணி

மூத்திரத் துணியில் நடக்கும் தவறு ஒன்றுதான்: கழற்றியதும் ஒரு மூலையில் குவிப்பது. சிசுவின் மூத்திரத்தில் தொடக்கத்தில் நாற்றமே இருக்காது. அப்படியே விட்டால் அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும். கண்ணைக் கரிக்கும் அந்த வாடை ஒருமுறை துணியில் ஏறிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் அடுத்த முறை நனைந்ததும் திரும்ப வரும். அதனால் சோப்பு பிறகு போடலாம், வெறும் தண்ணீரில் ஓர் அலசு உடனே அலசிவிடுங்கள்.

ஆய்த் துணிக்கு வரிசை முக்கியம்.

1. மலத்தை மழுங்கிய தகட்டாலோ குழாய்த் தண்ணீரின் வேகத்தாலோ கழிப்பறைக்குள் தள்ளிவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கிணற்றடியிலும் செய்யாதீர்கள். பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் தீட்டில்லை என்று சொல்வார்கள்; கிருமி உண்டு.

2. பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசு. இந்தக் கட்டத்தில் வெந்நீர் கூடாது. மலம், பால், ரத்தம், முட்டை எல்லாம் புரதம் கலந்தவை. சூடு பட்டதும் புரதம் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும், கறை நிரந்தரமாகிவிடும்.

3. பிறகு 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி லிக்விட் அல்லது சோப்புத்தூளை முழுதாகக் கரைத்துவிட்டு, துணிகளைப் போட்டு 30 நிமிடம் ஊறவிடுங்கள். தூளைத் துணிமேல் நேராகக் கொட்டினால் கரையாத துகள் மடிப்புகளில் சிக்கும்.

4. கும்மி, கறை இருக்கும் இடத்தை மட்டும் கையால் கசக்குங்கள். பிரஷ் போட்டால் மெல்லிய துணி சீக்கிரம் நைந்துவிடும்.

5. மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். மூன்றாவது தண்ணீரில் நுரை இருந்தால் நான்காவது. ஒவ்வொரு அலசலுக்கும் முன் துணியைப் பிழிந்துவிட்டுப் போட்டால்தான் சோப்பு வெளியேறும். பிழியாமல் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவது தண்ணீருக்குத்தான் நட்டம்.

6. மூன்று நாளுக்கு ஒருமுறை, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணிகளை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் போட்டெடுங்கள். அடுப்பேற்ற முடியாதென்றால் கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் மூடிவைத்தாலும் போதும்.

அலசியது போதுமா என்று சந்தேகமாக இருந்தால், காய்ந்த ஒரு துண்டைச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். நுரைக் குமிழி வந்தால் சோப்பு மிச்சம் இருக்கிறது. வீட்டில் இதுபற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோர் முன்னாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஊறவைத்த வாளியை மூடி போட்டு, பிள்ளை தவழ்ந்து போகாத இடத்தில் வையுங்கள். தவழும் பிள்ளைக்கு 5 செ.மீ. ஆழத் தண்ணீரே ஆபத்து. வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது, கத்தவும் முடியாது. இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கத்தை விடவேண்டியதற்கு இதுவே போதுமான காரணம். அதோடு 2, 3 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் அழுக்குத் தண்ணீரில் கிருமி பெருகி வாடைதான் ஏறும்.

கடையில் வாங்கும் கிளாத் டயப்பராக இருந்தால் உறையைக் கொதிநீரில் போடாதீர்கள், அயர்னும் செய்யாதீர்கள். தண்ணீர் கசியாமல் காக்கும் உள்பூச்சு உரிந்துவிடும். உள்ளே வைக்கும் பேடை வெயிலிலும் உறையை நிழலிலும் காயப்போடுங்கள். போட்டு எறியும் டயப்பர் தவறி மெஷினுக்குள் போய்விட்டால் வழுவழுப்பான மணிகள் எல்லாத் துணியிலும் அப்பிக்கொள்ளும். திரும்பத் திரும்ப மெஷினை ஓடவிடாதீர்கள், தண்ணீர் சேரச் சேர அது ஊதும். துணிகளை வெளியே எடுத்துக் காயவைத்து உதறினால் கொட்டிவிடும். டிரம்மை ஈரத் துணியால் வழித்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி உப்பு போட்டு ரின்ஸ் ஓட்டினால் மிச்ச மணிகள் தண்ணீரை விட்டுச் சுருங்கி வெளியேறும்.

தனியாகத்தான் துவைக்க வேண்டுமா?

மலம் பட்டது தனி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மற்றபடி எல்லோருக்கும் மிதமான ஒரே லிக்விட் என்றால், மூன்று நான்கு மாதத்துக்குப் பின் பிள்ளையின் சட்டையை அம்மாவின் நைட்டியோடு போடுவதில் தவறில்லை. இருவரும் நாளெல்லாம் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

பார்க்கவேண்டியது வீட்டிலுள்ளவர்களின் வேலையை. வயலில் மருந்தடித்துவிட்டு வந்த சட்டை, பெயின்ட் வேலை, பேட்டரி கடை, மெக்கானிக் ஷெட், சாயப் பட்டறை, மிளகாய் மில் இங்கெல்லாம் போட்ட துணி பிள்ளைத் துணியோடு ஒரே வாளியில், ஒரே மெஷின் சுற்றில் சேரவே கூடாது. பூச்சிமருந்தும் ஈயத் தூசியும் துணியோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. அவற்றைக் கடைசியாகத் துவைத்து, மெஷினாக இருந்தால் அதன்பின் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று ஓடவிடுங்கள்.

சோப்பு, டெட்டால், கம்ஃபர்ட்

பேபி லிக்விட் என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வாசனை குறைவான எந்த லிக்விடும் போதும். அட்டையில் எழுதியிருக்கும் அளவு பெரிய சுமைக்கானது. மெஷின் பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் லிக்விடும் பாதி போடுங்கள், எக்ஸ்ட்ரா ரின்ஸ் பட்டனை அழுத்துங்கள். பூந்திக்கொட்டை போடும் வீடுகளும் உண்டு. 5, 6 கொட்டைகளின் விதையை நீக்கி, தோலை மட்டும் ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினால் ஒரு சலவைக்கு ஆகும். மென்மையானது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஆய்த் துணிக்கும் பலம் போதாது. சலவை சோடாவும், சில்லறையாகப் பழைய குளிர்பான பாட்டிலில் விற்கும் சோப் ஆயிலும் பிள்ளைத் துணிக்கு வேண்டாம். சோப் ஆயில் பாட்டிலைக் குழந்தை எட்டும் உயரத்தில் வைக்கவும் வேண்டாம்; ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிடும்.

டெட்டால் வகைக் கிருமிநாசினி ஒரு மூடியாவது ஊற்றினால்தான் சில வீட்டில் மனம் ஆறுகிறது. ஆரோக்கியமான பிள்ளைக்கு இது தேவையில்லை. சோப்பும் வெந்நீரும் வெயிலும் அந்த வேலையைச் செய்துவிடும். ஊற்றியே ஆகவேண்டும் என்றால் அதற்குப் பின் இரண்டு தண்ணீர் அலசிவிடுங்கள். கடைசித் தண்ணீரில் ஊற்றி அப்படியே காயப்போடுவதுதான் தவறு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவையில், கடைசி அலசலில் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி ரசாயனம் கலந்த பொருளைப் பயன்படுத்தியதில், துணி வழியே தோலில் ஏறிப் பச்சிளங் குழந்தைகள் இறந்தன. டெட்டால் அதே பொருள் அல்ல. ஆனால் கடைசித் தண்ணீரில் போடுவது எதுவானாலும் பிள்ளையின் தோலோடு நாளெல்லாம் இருக்கும்.

கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கிகள் இழைமேல் வழவழப்பான பூச்சைப் படியவைத்து மிருதுத்தன்மை தருகின்றன. அதே பூச்சு உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். எனவே லங்கோடு, துவாலை, டயப்பர் பேடு எதற்கும் அது கூடாது.

கறைகள்

மஞ்சள் கறைதான் நம் வீடுகளில் முதலிடம். சோப்பு போட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறிவிடும். பயப்படாதீர்கள், மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான். நன்றாக அலசி ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள். வெயில் அந்த நிறத்தைத் தின்றுவிடும். இரண்டு நாள் வெயிலில் பெரும்பாலும் போய்விடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் மலக்கறைக்கும் இதே மருத்துவம்.

வாழைப்பழக் கறையும் மாங்காய்ப்பால் கறையும் நேரம் தாழ்ந்தால் போகாது. வாழைப்பழம் பட்ட இடம் முதலில் வெறும் ஈரமாகத்தான் தெரியும். காற்றுப்பட்டுக் கறுத்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். நேந்திரம்பழக் கூழ் ஊட்டும் வீடுகளில் ஊட்டி முடித்த கையோடு, கழுத்தில் கட்டிய பிப் துணியைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

இரும்புச்சத்துச் சொட்டு மருந்து சிந்திய பழுப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் ப்ளீச் வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கிவிடும்.

எண்ணெய்க் குளியல் துவாலையில் கறையைவிட வாடைதான் பிரச்சினை. காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளாக நாளாகச் சிக்கு நாற்றம் எடுக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடைச் சில சொட்டுகள் தடவி 15 நிமிடம் விட்டு வெந்நீரில் துவைத்தால் போகும். எண்ணெய் முழுதாகப் போகாத துவாலையை மெஷின் டிரையரில் போடக் கூடாது. சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கண்மைக் கறைக்கும் முதலில் பாத்திர லிக்விட்தான், தண்ணீர் அப்புறம். தண்ணீர் முதலில் பட்டால் கரி பரவிவிடும். செம்மண்ணுக்கு நேர்மாறு: காயவிட்டு உதறிவிட்டுத்தான் நனைக்க வேண்டும்.

காயப்போடுவது

துவைப்பதில் காட்டும் அக்கறையில் பாதி காயப்போடுவதில் காட்டுவதில்லை. வெயில் ஈரத்தை எடுப்பதோடு கிருமியையும் கறையையும் சேர்த்தே எடுக்கிறது. காலை 9 மணிக்குள் கொடியில் ஏறினால் நல்லது. போடும்முன் ஒவ்வொரு துணியையும் இரண்டு உதறு உதறுங்கள். இழை விரிந்து மிருதுவாகக் காயும். சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி போடுங்கள். பனியன் துணிச் சட்டையைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கழுத்து இழுத்துப் போகும். அடிவிளிம்பில் கிளிப் போடுங்கள். கோடை வெயிலில் 2, 3 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் கிடந்தால் விறைக்கும், எலாஸ்டிக்கும் சீக்கிரம் போகும்.

இரும்புக் கம்பிக் கொடி என்றால் துருக்கறை நிச்சயம். நைலான் கயிறு கட்டுங்கள். அதையும் ஈரத் துணியால் ஓர் இழுப்பு துடைத்துவிட்டுப் போடுங்கள், கயிற்றுத் தூசி அப்படியே வெள்ளைத் துணியில் கோடாக விழும்.

முருங்கை மரத்தடியில் பிள்ளைத் துணி போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைத் தட்டாதீர்கள். மழை தொடங்கியதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பும். பூச்சி துணியில் விழவே வேண்டாம், உதிர்ந்த மயிர் பட்டாலே தடித்து அரிக்கும். மயிர் பட்ட துணி என்று சந்தேகம் வந்தால் கையால் தட்டாதீர்கள்; அகலமான செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, மறுபடி துவையுங்கள். மாமரத்தடியில் முசுறு என்ற செவ்வெறும்பும், பால் வாடை மிஞ்சிய துணியில் எறும்பும் ஏறும். எந்த மரமானாலும் உதறாமல் மடிக்காதீர்கள்.

விளக்கு வைக்கும்முன் எடுத்துவிட வேண்டும் என்பதற்குப் பட்சி தோஷம் என்று காரணம் சொல்வார்கள். அந்த நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதோ இல்லையோ, நேரம் சரியானது. பொழுது சாய்ந்தால் காற்றில் ஈரம் ஏறிக் காய்ந்த துணியும் பதத்துப்போகும். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும். ஆசிட் பூச்சி என்று சொல்லும் சிறிய வண்டு துணி மடிப்பில் ஒளிந்திருந்து, பிள்ளையின் உடம்பில் நசுங்கினால் தீக்காயம்போல் கொப்புளம் போடும். பாட்டி சொல்லும் நேரத்துக்கு எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதையே வேறு. அப்போது வெயிலுக்குப் பதில் காற்றோட்டம்தான் துணை. மெஷின் இருந்தால் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். மெஷின் இல்லையென்றால் காய்ந்த பெரிய துவாலையை விரித்து, அதன்மேல் பிழிந்த சட்டைகளைப் பரப்பிப் பாய்போலச் சுருட்டி, அதன்மேல் முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துவாலைக்குப் போய்விடும். பிறகு ஸ்டாண்டில், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விட்டு, ஃபேனுக்கு நேர்கீழே போடுங்கள். கதவு ஜன்னலை முழுக்கச் சாத்தினால் அறைக் காற்று ஈரமாகி எதுவும் காயாது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். ஆனால் பிள்ளை தூங்கும் அறையில் ஈரத் துணியை வரிசையாகத் தொங்கவிடாதீர்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும், சளித் தொல்லையுள்ள பிள்ளைக்கு அது ஆகாது. சாம்பிராணிப் புகையில் துணியைக் காட்டி உலர்த்துவதும் வேண்டாம். வாசம் நன்றாகத்தான் இருக்கும், அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு நல்லதில்லை.

மழைக்கால முடைநாற்றம் மொராக்செல்லா என்ற கிருமி ஈரத் துணியில் பெருகுவதால் வருவது. அரைக்காய்ச்சலாகக் காய்ந்ததை மடித்தால் மறுநாள் வரும். திரும்ப வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் போட்டெடுத்து வேகமாகக் காயவைக்க வேண்டும். கையால் தொட்டு ஈரம் தெரியவில்லை என்று நம்பாதீர்கள். கழுத்துப் பட்டி, பாக்கெட் அடி, எலாஸ்டிக் மடிப்பு இந்த மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அயர்ன் பாக்ஸ் அந்தக் கடைசி ஈரத்தை எடுக்க உதவும், பருத்திக்கு மட்டும்.

பட்டுப் பாவாடையும் யூனிஃபார்மும்

பட்டுப் பாவாடையைக் கழற்றியதும் நிழலில் 2 மணி நேரம் ஆறவிட்டு மடிப்பது போதும். பிள்ளை வாந்தி எடுத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் பச்சைத் தண்ணீரில் கழுவி, இரண்டு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசி நிழலில் காயவிடுங்கள். கறைகளைக் கரைக்கும் என்சைம் கலந்த தூள் பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. அந்த இழைகளும் புரதம்தான், அவற்றையும் அரித்துவிடும். சுங்குடிப் பாவாடையைக் கல்உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அந்தத் தண்ணீரில் சாயம் கொஞ்சம் குறைவாக இறங்கும். நிரந்தரமாகச் சாயம் நிற்காது, எனவே நாலு சலவை வரை தனியாகவே போடுங்கள்.

யூனிஃபார்ம் சட்டைக்குச் சொட்டு நீலம் போடும்போது முதலில் ஒரு மக் தண்ணீரில் 4, 5 சொட்டுகளைக் கலக்கி, பிறகு அரை வாளியில் சேருங்கள். நேராக ஊற்றினால் நீலத் திட்டு விழும். கைக்குழந்தைத் துணிக்கு நீலம் எதற்கும் தேவையில்லை.

அம்மை, சிரங்கு வந்த வீட்டில்

அம்மை கண்ட பிள்ளையின் துணியைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை துவைக்காமல் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேப்பிலையும் வெள்ளைத் துணியும் இருக்கட்டும். ஆனால் துணியைத் தினம் மாற்றி, மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் சாதாரண சோப்பில் துவைத்துவிடுங்கள். வேர்வையும் நீரும் படிந்த துணி அரிப்பைக் கூட்டும், சொறிந்தால் கொப்புளம் சீழ் பிடிக்கும். சின்னம்மை வந்திராத ஒருவர் அந்தத் துணியைக் கையாள வேண்டாம், குறிப்பாகக் கர்ப்பிணிகள்.

சிரங்குக்கு மருந்து தடவும் அதே நாளில், வீட்டில் எல்லோரும் கடந்த மூன்று நாள் உடுத்திய துணி, விரிப்பு, தூளிச் சேலை அத்தனையையும் 50 டிகிரிக்கு மேலான வெந்நீரில் 10 நிமிடம் போட்டுத் துவையுங்கள். துவைக்க முடியாத பொம்மை, மெத்தை உறையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது.

மடித்து வைப்பது

அண்ணன் சட்டையைத் தம்பிக்கு எடுத்துவைக்கும்போது கறையோடும் கஞ்சியோடும் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பால் கறைகூட ஆறு மாதத்தில் மஞ்சளாகும், வெள்ளிப்பூச்சி கஞ்சியைத் தேடி வரும். பீரோவுக்குக் காய்ந்த வேப்பிலையையும், சிறு துணிப்பையில் முடிந்த வசம்பையும் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று எந்தப் பேரில் விற்றாலும் அதைப் பிள்ளைத் துணி இருக்கும் அலமாரியில் போடவே போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலின் ஆவியாகித் துணியில் ஏறும், பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு இருக்கும், வெளியே தெரியாது. அப்படிப்பட்ட சிசுவுக்கு நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும், மூளையைக்கூடப் பாதிக்கும். பூஜைக் கற்பூரத்தையும் மாற்றாகப் போடாதீர்கள். வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும்.

இந்த ஆபத்து பெரும்பாலும் அன்போடு வருகிறது. பாட்டி பத்திரமாக வைத்திருந்த பருத்திச் சேலையைத் தூளிக்கு எடுத்துக் கொடுப்பார். அது வருடக்கணக்காக உருண்டைக்கு நடுவில் கிடந்திருக்கும். நாப்தலின் தண்ணீரில் கரையாது என்பதால் ஒரு சலவையில் போகாது. துவைத்து, நல்ல காற்றிலும் வெயிலிலும் பல நாள் விரித்துப்போட்டு, மூக்கருகே வைத்தும் வாசம் துளியும் இல்லை என்றான பிறகே தூளி கட்டுங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளை என்றால் அந்தச் சேலையே வேண்டாம், வேறு சேலை எடுங்கள். ஏற்கெனவே உருண்டை வாசமுள்ள துணியில் பிள்ளையைப் படுக்கவைத்திருந்து, கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், மூத்திரம் கறுத்த டீ நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். துணியில் உருண்டை இருந்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.